எடுக்கும் நேரத்து அடி

ஒரு காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மறு காதை மண்டபத்துக்கு விட்டிருந்தான் திலீப். மண்டபத்துக் காதில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்போன் காதில், வெளியே யாருக்கும் கேட்காமல், அடுத்தது தயாராக நின்றது. இரண்டும் நிமிஷத்துக்கு நூற்றிருபத்தெட்டு அடி. இரண்டும் ஒரே ஸ்ருதி. ஒரு குமிழைத் திருகினால் போதும், ஒன்று கரைந்து இன்னொன்றாகிவிடும். ஆடுகிறவன் காலுக்குக்கூடத் தெரியாது. அந்தக் குமிழின் மேல் விரலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். ஏசி போட்ட மண்டபத்தில் அவனுக்கு மட்டும் கழுத்தோரம் வியர்த்தது.

காரணம், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த கறுப்புச் சட்டைக்காரர். பெயர் அசோக்குமார். இந்த வரவேற்பின் மாப்பிள்ளை வெங்கடேசனோடு சென்னையில் ஒன்றாகப் படித்தவர். பழைய மகாபலிபுரம் சாலையில் சனிக்கிழமைதோறும் ஆட்டம் நடக்கிற ஒரு கூடத்தை நடத்துகிறவர். அங்கே சினிமாப் பாட்டு நுழைய முடியாது. டெக்னோ மட்டும்தான்: வரி கிடையாது, வாய் கிடையாது, நெஞ்சுக்கூட்டில் இடிக்கிற ஒரே அடி, அதன்மேல் மெல்ல மெல்ல நிறம் மாறுகிற சத்தங்கள். அந்தக் கூடத்தில் ஒரு சனிக்கிழமையாவது நின்று பாட்டு சேர்க்க வேண்டும் என்று திலீப் வருஷக்கணக்கில் தவம் கிடந்தான். அனுப்பிய பதிவுகளுக்குப் பதில் வந்ததில்லை. இன்றைக்கு ஆளே திருத்தணிக்கு வந்து, தட்டில் கோபி மஞ்சூரியனை வைத்துக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு விட்டால் ஆர்.கே.பேட்டை காதுகுத்துகளில் குத்துப்பாட்டு போட்டே தலை நரைக்க வேண்டியதுதான்.

சவுண்டு சர்வீஸ் கங்காதரனுடையது. திலீப்புக்கு அக்கா புருஷன். சாயங்காலம் பெட்டிகளை இறக்கும்போதே பாவா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெண் வீட்டார் நகரிப் பக்கம். அவர்களுக்கு நாலு தெலுங்குப் பாட்டு, நம்மவர்களுக்குத் தமிழ்ப் பாட்டு, நடுவில் அந்த மோட்டார் சத்தம் மட்டும் வேண்டாம். பாவாவுக்கு டெக்னோ என்றால் மோட்டார் சத்தம். கிணற்றில் தண்ணீர் வற்றியும் ஓடுகிற மோட்டார். திலீப் கெஞ்சிக் கூத்தாடிப் பத்து நிமிஷம் வாங்கியிருந்தான்.

அவனுக்கு எந்தச் சத்தமும் எண்ணாகத்தான் காதில் விழும். விசைத்தறிக் கூடத்தைத் தாண்டிப் போனால், தறி நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பான். ஸ்ருதிக்கு வேறு கணக்கு. கடிகாரம் மாதிரி பன்னிரண்டு எண் போட்ட வட்டம் ஒன்று அவன் லேப்டாப்பிலும் கைப்பேசியிலும் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் அதில் ஒரு வீடு. அதே வீட்டுப் பாட்டு சேரும், பக்கத்து வீட்டுப் பாட்டும் சேரும். எதிர் வீட்டைக் கொண்டுவந்து சேர்த்தால் காது கூசும். ஜாதகக் கட்டம் மாதிரி என்று அம்மா கமலாவுக்கு விளக்கிச் சொன்னான். கமலா தோசையைத் திருப்பிப் போட்டபடி, "அப்ப மொதல்ல உனக்கு ஒண்ணு சேருதான்னு அதுல பாரு" என்றாள். வட்டமும் லேப்டாப்பும் இன்றைக்கு எவனிடமும் இருக்கிறது. மற்றவனிடம் இல்லாதது ஒன்று வேண்டும். திலீப்பிடம் இருந்தது. ஹெட்போன் காதில் இப்போது நிற்பது அதுதான். ஒரு மோளம்.

அந்த மோளத்தை அடித்தவன், மேடைக்கு அந்தப் பக்கம் விளக்குகளை ஆட்டிக்கொண்டு நின்றிருந்தான். ராஜேஷ்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. திலீப் ஊருக்குள், ராஜேஷ் ஏரிக்கு அந்தப் பக்கம் காலனியில். ராஜேஷின் அப்பா கோதண்டம் இருந்தவரை ஊரில் ஒரு பிணம் அவர் அடி இல்லாமல் எழுந்ததில்லை. காய்ச்சலோ மழையோ, செத்த வீட்டிலிருந்து ஆள் வந்தால் மோளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். மீசை முளைக்காத வயதிலேயே ராஜேஷும் கூடப் போவான். கோதண்டம் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் காலனிப் பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். ஊர்ச் சாவுக்கு இனி அடிப்பதில்லை. முதலில் கை தூக்கியவன் ராஜேஷ். அதிலிருந்து ஊர்க்காரர்கள் சோளிங்கரிலிருந்து பேண்டு செட் கொண்டுவருகிறார்கள். கொண்டுவரும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறார்கள். சவுண்டு சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ராஜேஷ் திலீப்பிடம் சொன்னது ஒன்றுதான்: "பொட்டி தூக்கச் சொல்லு மச்சி, எத்தினி வேணா தூக்கறேன். மோளம் மட்டும் தூக்கச் சொல்லாத."

ஒரே ஒரு தரம் தூக்கினான். ஆடி மாதம் அவன் அம்மா அன்னம்மாள் செத்துப்போனாள். வெளியூரிலிருந்து நாலு பேர் மோளத்தோடு வந்திருந்தார்கள். பாடை எடுக்கிற நேரம். எடுக்கும்போது அடிக்கிற அடி தனி; காலையிலிருந்து அடித்ததெல்லாம் காத்திருக்கிற அடி, இது அனுப்புகிற அடி. அழுது ஓய்ந்து தலைக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருக்கும் பெண்கள்கூட இந்த அடி மாறிய நொடியில் அலறி எழுந்துவிடுவார்கள். கொள்ளிச்சட்டியைக் கையில் வாங்கவேண்டிய ராஜேஷ், வாங்காமல், பக்கத்தில் நின்றவனின் மோளத்தைப் பிடுங்கினான். தலைமாட்டில் நின்று அம்மாவுக்கு அவனே அடித்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கை மட்டும் போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தில் நின்ற திலீப் கைப்பேசியை உயர்த்திப் பதிவு செய்தான். ராஜேஷும் அதைப் பார்த்தான்.

காரியமெல்லாம் முடிந்து ராஜேஷ் கேட்டான், அம்மாவுக்கு அடித்ததை அனுப்பச் சொல்லி. சரியாக விழவில்லை, ஒரே இரைச்சல், அழித்துவிட்டேன் என்றான் திலீப். அந்தப் பொய்யை ஏன் சொன்னோம் என்று அவனுக்கே விளங்கவில்லை. அதற்குள் பதிவு லேப்டாப்பில் ஏறியிருந்தது. தோலுக்கு ஏது ஸ்ருதி என்று நினைத்தவனுக்கு, வட்டத்தில் ஒரு வீட்டைக் காட்டியது மென்பொருள்: ஐந்து. வேகம் நூற்று முப்பத்தொன்று, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓர் அடி ஏறவில்லை, இறங்கவில்லை. பெற்றவளை அனுப்புகிற கை இயந்திரம் மாதிரி ஓடியிருக்கிறது. திலீப் மறுபடி ஓடவிட்டுக் கேட்டான். மூன்று அடி குறைத்தான். ஐந்தாம் வீட்டு டெக்னோ ஒன்றின் மேல் வைத்தான். ஒரு வயிற்றில் பிறந்த மாதிரி உட்கார்ந்தது. அழுகைச் சத்தத்தை வடிகட்டி எடுத்தான், ஒப்பாரியை எடுத்தான், கூட்டத்தை எடுத்தான். வேகம் மாறியாயிற்று, அடியில் வேறு இடி இடிக்கிறது. எவனுக்குத் தெரியப்போகிறது?

குமிழைத் திருகினான்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இடிக்கும் அடியின் இடுக்கில் மோளம் எட்டிப் பார்த்தது, ஒளிந்தது, மறுபடி வந்தது. பிறகு இடியைச் சட்டென்று நிறுத்தி மோளத்தைத் தனியாக எட்டு அடி ஓடவிட்டு, ஒன்பதில் மொத்தத்தையும் சேர்த்துப் போட்டான். மண்டபம் பொங்கியது. நகரிப் பையன்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மேடையிலிருந்து குதித்தான். அசோக்குமார் தட்டைப் பக்கத்து நாற்காலியில் வைத்தார், எழுந்தார், முன்னால் நடந்து வந்தார். தலை ஆடியது. திலீப் அதைப் பார்த்தான். அதை மட்டும்தான் பார்த்தான். விளக்குகள் ஆடாமல் சிவப்பிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் இருப்பது எப்படி என்பதை அவன் கழுத்து தானாகவே கற்றுக்கொண்டது.

பின்னால், சாப்பாட்டுக் கூடத்து வாசலையொட்டி, கடைசி வரிசையில் தாயாரம்மாள் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா. சித்திரையில் புருஷனைப் பறிகொடுத்தவள். அதனால் மேடைப் பக்கம் வராமல் ஒதுங்கியிருந்தாள். அவள் எழுந்தாள். செருப்பைக் கழற்றி வைத்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து ஆடுகிற கூட்டத்துக்குள் வந்தாள். பெரியம்மாவும் ஆட வந்துவிட்டாள் என்று பையன்கள் விசிலடித்து வட்டம் கட்டினார்கள். அவள் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முகமாகத் தேடினாள். திலீப்பின் கை தன்னால் சத்தத்தைக் குறைத்தது.

"யாரை எடுக்கிறாங்க?" என்றாள் தாயாரம்மாள். "எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே."

அதற்கப்புறம் ஏசியின் சத்தம் கேட்டது. இரண்டு பெண்கள் ஓடிவந்து அவளை அணைத்து இழுத்துப் போனார்கள். போகிற வழியெல்லாம் அவள் அதையே கேட்டாள். கேள்வி வரிசை வரிசையாகப் பரவியது. ஊர்க்காரர்களில் வயதானவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு நேரம் நெஞ்சில் எதுவோ நெருடியதன் பெயர் இப்போது தெரிந்துவிட்டது. யாரோ தெலுங்கில் சொன்னார்கள். பெண்ணின் அம்மா மேடைக்கு ஓடிப்போய் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விடிந்தால் மலையில் முகூர்த்தம். தாலி ஏறாத கழுத்துக்கு முன்னால் சாவு மோளம்.

மாப்பிள்ளையின் அப்பா சுந்தரமூர்த்தி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். ஊரில் ஏரிப்பாசனம் பாதி அவருடையது. கங்காதரன் கையைக் கட்டிக்கொண்டு எதிரே ஓடினார். சுந்தரமூர்த்தி அவரைப் பார்க்கவே இல்லை. திலீப்பையும் பார்க்கவில்லை. விளக்குப் பலகைக்குப் பின்னால் நின்றவனிடம் நேராகப் போனார். கோதண்டம் இருந்தவரை ஐம்பது வருஷம் அவர் வீட்டுச் சாவெல்லாம் அந்தக் குடும்பத்துக் கையில்தான் போயிருக்கின்றன. காதுக்கு அடையாளம் தெரியாதா?

"கோதண்டம் கை இது" என்றார். "ஊர்ல செத்தா வரமாட்டீங்கோ. கல்யாணத்துக்கு வந்து அடிப்பீங்களோ?"

ராஜேஷ் திலீப்பைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் திலீப் தாங்கியிருப்பான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதபோது பக்கத்தில் உட்கார்ந்தவனைப் பார்க்கிற பார்வை அது. நீ சொல்லிவிடு என்கிற பார்வை. சொல்லிவிடலாம். நான்தான் பதிவு செய்தேன், கேட்காமல் எடுத்தேன், அவன் அம்மாவுக்கு அடித்தது. மூன்றே வாக்கியம். அசோக்குமார் நாலடி தூரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்.

"ராஜேஷ்தாங்க பென் டிரைவ்ல குடுத்தான்" என்றான் திலீப். "இன்னா ஏதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

கங்காதரனுக்குப் போன உயிர் வந்தது. ராஜேஷின் தோளைப் பிடித்துப் பெண் வீட்டார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். இல்லை என்று ராஜேஷ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மண்டபத்தில் யார் வார்த்தை எடுபடும் என்பது திலீப்புக்குத் தெரியும், ராஜேஷுக்கு அதைவிடத் தெரியும். கைகூப்பினான். தெரியாமல் நடந்துவிட்டதுங்க என்றான். தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம். கையில் ஊறியது கழுவினால் போகுமா என்று எவனோ பின்னாலிருந்து சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். ராஜேஷ் திரும்பி வந்து, தான் விரித்த ஒயரை முழங்கையில் சுற்றி முடித்து, முடிச்சுப் போட்டு, பெட்டிமேல் வைத்துவிட்டு வெளியே போனான்.

பாவா சைகை காட்டினார். திலீப் ஒரு தெலுங்குப் பாட்டைப் போட்டான். கை பழக்கத்தில் ஸ்ருதி பார்த்துத்தான் போட்டது.

பந்தி முடியும் நேரத்தில் அசோக்குமார் தானாகவே வந்தார். அந்த மோளம் யார் என்றார். நம்ம ஃபிரெண்டுதான் சார் என்றான் திலீப். ஏதோ தகராறு போலிருக்கே என்றார். ஊர் விவகாரம் சார் என்றான். அசோக்குமார் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"உன் மிக்ஸிங் சுத்தமா இருக்கு. கீ, டெம்போ எல்லாம் பக்கா" என்றார். "ஆனா லேப்டாப் வச்சிகிட்டு வாரத்துக்குப் பத்துப் பேர் என்கிட்ட வர்றான். அந்தக் கை ஒருத்தன்கிட்டயும் இல்ல. அவரைக் கூட்டிட்டு வா. மேடையில நேரா அடிக்கட்டும், நீ பின்னால வாசி. வர்ற சனிக்கிழமை உங்களுக்கு. தனியா வர்றதா இருந்தா வேணாம்."

மறுநாள் மலையில் முகூர்த்தம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது என்று பாவா போனில் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் ராஜேஷை இனி வேலைக்கு வைப்பதில்லை என்பதையும் சொன்னார். திலீப் பைக்கை எடுத்தான். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி என்ன பேசுவது என்று அடுக்கிப் பார்த்தான். முதலில் மன்னிப்பு. அப்புறம் நேற்றைக்கு நடந்ததை ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்பது. அப்புறம் சனிக்கிழமை. இந்த வரிசை முக்கியம். ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற மாதிரி, சேர்கிற இடமாகப் பார்த்துச் சேர்க்கவேண்டும்.

வீட்டு வாசலில் ராஜேஷின் மனைவி சுதா துணி பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "வாங்க டீஜே. அடுத்து யாரு சாவுன்னு பாக்க வந்தீங்களா?" என்றாள். பிறகு முகவாயால் பின்பக்கத்தைக் காட்டிவிட்டுத் துணியை உதறினாள். தண்ணீர் அவன் சட்டைமேல் தெறித்தது.

வீட்டுக்குப் பின்னால் கரும்புத் தோகையைக் குவித்து நெருப்பு மூட்டியிருந்தான் ராஜேஷ். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் மோளம். கோதண்டத்தினுடையது, பரணிலிருந்து இறக்கியிருக்க வேண்டும், மரவளையத்தில் ஒட்டடை தொங்கியது. தோல் தணிந்து கிடந்தால் மோளம் பேசாது. நெருப்பில் காட்டினால்தான் விறைக்கும். விறைக்க விறைக்கக் குரல் ஏறும். பதம் வந்ததும் எடுத்துவிட வேண்டும், விட்டால் தோல் வெடித்துவிடும். திலீப்புக்கு நெஞ்சு துள்ளியது. மோளத்தை எடுத்துவிட்டானே, அவனாகவே எடுத்துவிட்டானே. ஏரிக்கரையில் அடுக்கியதெல்லாம் சரிந்தது. வாய் முதலில் சனிக்கிழமையைத்தான் சொன்னது. அசோக்குமார், கூடம், மேடை, பெயர் போடுவார்கள், கை தட்டுவார்கள், அங்கே யாருக்கும் நீ யார் எந்த ஊர் என்று தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். மூச்சு விடாமல் சொல்லி முடித்தான்.

ராஜேஷ் மோளத்தைத் தீக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினான். "நான் வந்தாத்தான் உன்னையும் சேப்பாங்களா?"

"ஆங்" என்றான் திலீப்.

"அம்மாவுக்கு அடிச்சதை எத்தினி தபா போட்டுக் கேட்ட?"

திலீப் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். நூறு தரம் இருக்கும். வடிகட்டுவதற்கு முன்னால், பின்னால், மெதுவாக, வேகமாக, படுக்கையில், பஸ்ஸில்.

"நான் ஒரே தபாதான் கேட்டேன்" என்றான் ராஜேஷ். "நேத்து. விசிலோட."

இப்பவே அனுப்புகிறேன் மச்சி என்று திலீப் அவசரமாகக் கைப்பேசியை எடுத்தான். அதே நேரம் ராஜேஷ் மோளத்தைத் தீயிலிருந்து சற்றே தூக்கி விரலால் ஒரு தட்டு தட்டினான். தெளிவான ஒரு சத்தம். திலீப்பின் கட்டைவிரல், போகவேண்டிய இடத்துக்குப் போகாமல், பழகிய இடத்துக்குப் போனது. திரையில் வட்டம் விரிந்தது. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவனுக்கு உறைத்தபோது ராஜேஷ் அதைப் பார்த்துவிட்டிருந்தான்.

"இன்னா காட்டுது?"

"ஒண்ணுமில்ல மச்சி."

"சொல்லு. இன்னா காட்டுது?"

"அஞ்சு."

ராஜேஷ் தலையசைத்துவிட்டு மோளத்தை மறுபடி தீயில் இறக்கினான். தோகை படபடத்தது. தட்டினான். குரல் ஒரு படி ஏறியிருந்தது. ஸ்ருதி ஒரு படி ஏறினால் வட்டத்தில் எண் ஏழு வீடு தாண்டிப் போய் விழும்.

"இப்ப?"

"பன்னண்டு."

இன்னும் ஒரு பிடி தோகையைத் தீயில் போட்டான். தட்டினான். ஏழு என்றான் திலீப். மறுபடி தட்டினான். ரெண்டு. வளையத்தோரம் தோல் பழுப்பேறிச் சுருங்கத் தொடங்கியிருந்தது. மயிர் பொசுங்குகிற வாடை எழுந்தது. எந்த அடிக்கும் இவ்வளவு ஏற்றமாட்டார்கள். பதம் எப்போதோ தாண்டிவிட்டது.

"எடுத்துடு மச்சி. போதும்" என்றான் திலீப்.

ராஜேஷ் எடுக்கவில்லை. மோளத்தை இன்னும் தாழ்த்திப் பிடித்தான். விரல் நுனியால், தூங்குகிற குழந்தையை எழுப்புகிற மாதிரி, மெல்லத் தட்டினான். கண்ணாடிபோல் மெலிந்து, கூர்மையாக வந்தது சத்தம். திலீப்பின் கையிலிருந்த திரையில் எண் வருவதும் மறைவதுமாக இருந்தது. பிறகு வரவில்லை. ராஜேஷ் தட்டினான். அது இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.